சயின்ஸ் சாருக்கு வளைவு வேண்டாம், லேபைத் திறந்து விடுங்கள்

எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி அக்காவுக்கும், குழு உறுப்பினர்களுக்கும், தலைமை ஆசிரியர் அவர்களுக்கும், வளைவு கட்டப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கும் அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் 1997-இல் இந்தப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்தவள். கண்மாய்க்கரைத் தெரு. கல்குவாரியில் ஜல்லி உடைத்த அம்மாவின் மகள் என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். இப்போது தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன்.

போன மாதம், மறைந்த நம் சயின்ஸ் சாரின் படத்திறப்புக்கு வந்திருந்தேன். பள்ளி வாசலில் சார் பெயரில் அலங்கார வளைவு ஒன்று கட்டப்போவதாக மைக்கில் அறிவித்தபோது எல்லோரோடும் சேர்ந்து நானும் கை தட்டினேன். அங்கேயே ஐயாயிரம் ரூபாய் எழுதியும் கொடுத்தேன். அதனால் இந்தக் கடிதத்தை எதிர்ப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சரி, லேபை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போவோம் என்று பின்கட்டுக்குப் போனேன். அங்கே பார்த்ததைச் சொல்லாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

கதவில் பூட்டு. ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். மேசைகளின் மேல் பழைய பாடப் புத்தகக் கட்டுகள், கால் உடைந்த பெஞ்சுகள், பழைய விடைத்தாள் மூட்டைகள். சார் நின்று பேசும் இடத்தில் ஒரு உடைந்த கரும்பலகையைச் சாத்தி வைத்திருந்தார்கள். கண்ணாடிச் சாமான் பீரோ அதே மூலையில் இருக்கிறது, அதிலும் பூட்டு. பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, "இதை எப்பம்மா திறப்பாங்க?" என்று கேட்டேன். "பப்ளிக் பிராக்டிகல் அன்னைக்குத் திறப்பாங்க அக்கா" என்றாள் ஒருத்தி. அவள் சொன்னதில் புகார் எதுவும் இல்லை. மழை பெய்தால் நனையும் என்பது மாதிரிச் சொன்னாள். அதுதான் என்னை மிகவும் வாட்டியது.

படத்திறப்பில் பேசிய எல்லோரும் சார் எவ்வளவு நல்லவர் என்று பேசினார்கள். பரீட்சைக் கட்டணம் கட்டியது, செருப்பு வாங்கிக் கொடுத்தது, வயசுக்கு வந்ததும் நிறுத்திவிட்ட பெண் பிள்ளைகளை வீடு தேடிப் போய்த் திரும்ப அழைத்து வந்தது எல்லாம் வந்தது. அத்தனையும் உண்மை. ஆனால் அவர் வகுப்பில் என்ன செய்தார் என்று யாருமே பேசவில்லை. முப்பது வருஷம் அவர் பார்த்த வேலை என்ன என்பது அந்த மேடையில் விட்டுப்போனது. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சார் முதலில் பள்ளிக்கூடத்தில் அறிமுகமாகவில்லை. புதுக்கோட்டையில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்த அறிவொளி இயக்கம் நடந்த காலம் அது, 1991, 92. ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் விடப் பழகியது அப்போதுதான். எங்கள் தெருவில் மாரியம்மன் கோயில் திண்ணையில் இரவு ஏழரை மணிக்கு அரிக்கேன் விளக்கு வைத்து வகுப்பு நடக்கும். எடுத்தவர் சார். ஜல்லி உடைத்துவிட்டு வந்த பெண்கள் அசதியில் விளக்கைச் சுற்றிச் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். நான் அம்மா மடியில் தலை வைத்துக்கொண்டு பார்ப்பேன். அம்மாவின் விரல்கள் காய்த்துப்போய்ப் பென்சில் பிடிக்க வராது. சார் ஒரு துண்டுத் துணியைப் பென்சிலில் சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தார். அப்புறம் பிடிக்க வந்தது. ஆறாம் வகுப்பில் என் ரேங்க் கார்டில் அம்மா முதல் தடவையாகக் கையெழுத்துப் போட்டார். அதற்கு முன் இருந்ததெல்லாம் கைநாட்டு. 1992-இல் புதுக்கோட்டையை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவித்தார்கள். எங்கள் வீட்டில் அது ஒரு துண்டுத் துணி சுற்றிய பென்சில்.

பள்ளியிலும் சார் அப்படித்தான். கை ஏன் வரவில்லை என்று பார்ப்பார். வரவில்லை என்று திட்டமாட்டார்.

எங்கள் காலத்தில் பத்தாம் வகுப்பு அறிவியலுக்குச் செய்முறைத் தேர்வு கிடையாது என்பதை இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நூறு மார்க்கும் எழுத்துத் தேர்வுக்குத்தான். சமச்சீர் கல்வி வந்த பிறகுதான் 75 எழுத்துக்கு, 25 செய்முறைக்கு என்று பிரித்தார்கள். அதாவது, எங்களை வாரத்துக்கு இரண்டு பீரியட் லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனதால் சாருக்கோ எங்களுக்கோ ஒரு மார்க் கூடக் கிடைக்கவில்லை. மார்க் இல்லாத காலத்தில் அந்த அறை திறந்து கிடந்தது. 25 மார்க் வந்த பிறகு பூட்டிக் கிடக்கிறது.

அந்த அறையில் நடந்த ஒரு நாளைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பு. தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று பார்க்க வேண்டும். எங்களிடம் இருந்தது மூன்றே மூன்று தெர்மாமீட்டர். மூன்று கூட்டமாகப் பிரிந்து பார்த்தோம். எல்லோரும் நோட்டில் 100 என்று எழுதினோம். சார் ஒவ்வொரு நோட்டாக வாங்கிப் பார்த்துவிட்டு, "சரி, இப்ப தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதுங்க" என்றார். பார்த்தால் ஒன்றில் 98. ஒன்றில் 99. ஒன்றில் 101. எங்களுக்குப் பயமாகிவிட்டது. நாங்கள்தான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டோம் என்று நினைத்தோம். சார் மூன்றையும் ஒரே பாத்திரத்தில் விட்டார். அப்போதும் அதே 98, 99, 101. "தண்ணி ஒண்ணுதான், அடுப்பு ஒண்ணுதான். மூணு பேரும் மூணு சொல்றாங்க. யாரை நம்புறது?" என்று கேட்டுவிட்டு மணி அடித்ததும் போய்விட்டார்.

எனக்கு வீட்டுக்குப் போகவே மனசு வரவில்லை. நாலாவது சாட்சி ஒன்று இருந்தால் தீர்த்துவிடலாம் என்று தோன்றியது. முதலுதவிப் பெட்டியில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இருந்தது. எடுத்து வந்து கொதிக்கும் தண்ணீரில் விட்டேன். டப்பென்று வெடித்தது. பாதரசம் தரையெல்லாம் வெள்ளிக் குண்டுகளாக ஓடியது.

சத்தம் கேட்டு சார் ஓடி வந்தார். முதலில் எல்லோரையும் வெளியே போகச் சொன்னார், ஜன்னல்களைத் திறந்தார். "கையால தொடாதீங்க, அது விஷம்" என்றார். இரண்டு அட்டைகளை வைத்துக் குண்டுகளை ஒன்றோடு ஒன்று சேர்த்து, தண்ணீர் இருந்த பாட்டிலில் போட்டு மூடினார். நான் அழுதுகொண்டிருந்தேன். அம்மாவின் ஒரு நாள் கூலியில் அதை வாங்க முடியுமா என்பதுதான் என் கணக்கு. சார் பீரோவைத் திறந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். புதுக்கோட்டை கீழராஜ வீதியில் வாங்கிய கணக்கு நோட்டு. அட்டையில் 'உடைந்த பொருள்' என்று எழுதியிருந்தது.

"மூணு வரி எழுது. என்ன உடைஞ்சது, ஏன் உடைஞ்சது, அடுத்த தடவை என்ன செய்வே. அவ்வளவுதான்."

எனக்கு ஏன் உடைந்தது என்று தெரியவில்லை. அதைச் சொன்னேன். உடைந்த துண்டை அட்டையில் வைத்துக் காட்டினார். அளவு 42 டிகிரியோடு முடிந்திருந்தது. "மனுஷனுக்கு அதுக்கு மேல காய்ச்சல் வந்து பார்க்க வேண்டியதில்லைன்னு அதோட நிறுத்திட்டாங்க. நீ நூறுல விட்டே. பாதரசம் விரிஞ்சு எங்கே போகும்?" எனக்குச் சட்டென்று விளங்கியது. அன்று எழுதிய மூன்று வரி இன்றைக்கும் மனப்பாடம்.

மறுநாள் சார் சைக்கிள் கேரியரில் சாக்கில் சுற்றி ஐஸ்கட்டி கொண்டு வந்தார். உடைத்து, உருக விட்டு, மூன்று தெர்மாமீட்டரையும் அதில் வைத்தார். உருகும் ஐஸ் என்றால் பூஜ்யம். ஒன்று பூஜ்யத்துக்கு ஒரு டிகிரி கீழே காட்டியது. ஒன்று சரியாகப் பூஜ்யம். ஒன்று 2. முதல் நாள் கணக்கை எடுத்து, கீழே காட்டியதற்கு ஒன்றைக் கூட்டி, மேலே காட்டியதில் இரண்டைக் கழித்துப் பார்த்தோம். மூன்றும் 99 என்று வந்து நின்றன. வகுப்பே சத்தம் போட்டது. சார் மூன்றின் தலையிலும் சின்னச் சீட்டு ஒட்டினார். 'இவனுக்கு ஒன்று கூட்டு.' 'இவன் சரி.' 'இவனிடம் இரண்டு கழி.'

நான் இன்றைக்கும் காலை ஏழரைக்கு வேலைக்குப் போனதும் முதலில் செய்வது இதைத்தான். நோயாளியின் இரத்தத்தை மெஷினில் வைப்பதற்கு முன்னால், அளவு தெரிந்த கன்ட்ரோல் ஒன்றை ஓட்டிப் பார்ப்போம். மெஷின் சரியாகச் சொல்கிறதா, கூட்டிச் சொல்கிறதா என்று தெரிந்த பிறகுதான் மற்றது. புதிதாக வரும் பிள்ளைகள் சில நாள் அவசரத்தில் கன்ட்ரோலை விட்டுவிடப் பார்ப்பார்கள். அவர்களை உட்கார வைத்து மூன்று தெர்மாமீட்டர் கதையைச் சொல்வேன்.

சாரிடம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். போர்ஷன் முடிக்க மாட்டார். சுண்ணாம்புத் தெளிநீரில் ஊதிப் பால்போல ஆவதைப் பார்க்க மூன்று நாள் போகும். செம்பருத்திச் சாறு புளித்த மோரில் ஒரு நிறம், சோப்புத் தண்ணீரில் ஒரு நிறம் என்று கண்டுபிடித்ததும், ஊரில் இருக்கிற பூவையெல்லாம் பறித்துவரச் சொல்லி இன்னும் ஒரு வாரம். ஜனவரி வந்தால் கடைசி நாலு பாடமும் அப்படியே நிற்கும். சனி, ஞாயிறு ஸ்பெஷல் கிளாஸ் வைத்து ஓட்டமாக ஓட்டுவார். அந்தப் பாடங்கள் எனக்கு இன்றைக்கும் அரைகுறைதான். சில பெற்றோர் அதைச் சொல்லிச் சண்டை போட்டதும் நியாயம்தான். ஆனாலும் தலைமை ஆசிரியராகப் பதவி உயர்வு வந்தபோது வேறு ஊர் போக வேண்டும் என்று வேண்டாமென எழுதிக் கொடுத்தாரே, அது எந்த அறைக்காக என்று நாம் ஒரு தடவையாவது யோசிக்க வேண்டும்.

1995-இல் தீபாவளியை ஒட்டிச் சூரிய கிரகணம் வந்தது, அக்டோபர் 24. ராஜஸ்தான் பக்கம் முழு கிரகணம், நமக்குப் பகுதிதான். பள்ளி விடுமுறை. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தது. மாசமாக இருந்த என் அண்ணியை ஓர் அறையில் வைத்து ஜன்னலுக்குப் போர்வை தொங்கவிட்டிருந்தார்கள். சார் முந்தின வாரமே எங்களிடம் சொல்லியிருந்தார்: சூரியனை யாரும் நேராகப் பார்க்கக் கூடாது, காலையில் பள்ளி வேப்பமரத்தடிக்கு வந்துவிட வேண்டும். பத்துப் பதினைந்து பேர் போனோம். வெள்ளை வேட்டி ஒன்றை மரத்தடியில் விரித்து வைத்திருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக வெயில் மங்க, இலைகளுக்கு நடுவே விழுந்த வெளிச்சப் பொட்டு ஒவ்வொன்றும் பிறையாக மாறியது. வேட்டி முழுக்க நூற்றுக்கணக்கான பிறைகள் அசைந்துகொண்டிருந்தன.

என்னைத் தேடித் திட்டுவதற்காக அம்மா வந்தார். கையில் எதிர்வீட்டு அத்தைக்குத் திருப்பிக் கொடுக்க எடுத்து வந்த பூந்திக் கரண்டி. வேட்டியைப் பார்த்ததும் திட்ட மறந்துபோனார். சார் அந்தக் கரண்டியை வாங்கி உயரத் தூக்கிப் பிடித்தார். ஓட்டைக்கு ஒரு பிறையாகத் தரையில் வரிசையாக விழுந்தது. அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "ஏன் சார் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கிட்டு இருக்கு?" என்று கேட்டார். சார் முகத்தில் அன்று வந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எங்களைப் பார்த்து, "இத்தனை பேர் இருக்கீங்க, இந்தக் கேள்வி யாருக்காவது வந்துச்சா?" என்றார். அதே இடத்தில் அம்மாவை உட்கார வைத்து, ஓட்டை வழியாக வரும் வெளிச்சம் எப்படித் தலைகீழாக விழுகிறது என்று குச்சியால் மண்ணில் போட்டுக் காட்டினார். நாங்களும் சுற்றி நின்று அம்மாவுக்கு நடந்த பாடத்தைக் கேட்டோம்.

சித்தன்னவாசலுக்குச் சைக்கிளில் கூட்டிப்போனது உங்களில் பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்கும். ஓவியம் பார்க்கப் போகிறோம் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தோம். அங்கே பாறையைக் குடைந்த சமணக் கோயிலான அறிவர் கோயிலின் உள் அறையில் நம்மை வரிசையாக நிற்க வைத்து வாயை மூடிக்கொண்டு 'ம்' என்று இழுக்கச் சொன்னாரே, ஒரு ஸ்தாயி வந்ததும் சுவரே கூடச் சேர்ந்து பாடுகிற மாதிரி நெஞ்சு அதிர்ந்ததே. ஒத்ததிர்வு என்ற சொல்லை யாராவது சொன்னால் எனக்கு இன்னும் அந்தக் கல் அறையின் குளிர்தான் நினைவுக்கு வருகிறது.

இப்போது சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

லேப் பூட்டிக் கிடப்பதற்கு இன்றைய அறிவியல் டீச்சரைக் குறை சொல்ல மாட்டேன். அவரோடு பத்து நிமிஷம் பேசினேன். ஆர்வம் உள்ளவர். பீரோவில் உள்ள ஒவ்வொரு சாமானும் இருப்புப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே இருக்கிறது. உடைந்தால் ஆடிட்டில் பதில் சொல்ல வேண்டும், மாறுதலில் போகும்போது எண்ணிக் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் தொட்டால் உடையும். உடைந்தால் கைக்காசு போகும். யாராக இருந்தாலும் பூட்டத்தான் தோன்றும். சாருக்கு அந்தப் பயம் இல்லாமல் போனதற்குக் காரணம், அவர் தன் சம்பளத்தில் வாங்கி வைத்தார். திருச்சிக்குப் போகும்போதெல்லாம் பையில் நாலு சோதனைக்குழாய் வரும். வீட்டில் அதற்காக எவ்வளவு சங்கடம் இருந்தது என்று சாரின் மனைவி இப்போதுதான், சார் போன பிறகுதான், என்னிடம் சொன்னார்கள். இன்னொரு ஆசிரியரிடம் அதைக் கேட்க நமக்கு எந்த உரிமையும் இல்லை.

அதனால்தான் கேட்கிறேன். வளைவுக்கென்று இதுவரை மூன்று லட்சத்துக்கு மேல் சேர்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். அதில் கொஞ்சத்தை எடுத்து அறையை ஒழித்து, வயரிங் பார்த்து, தண்ணீர்க் குழாய் ஒன்று இழுத்துவிடுவோம். மீதியை வைப்பு நிதியாகப் போட்டு, வட்டியை வருஷா வருஷம் உடைகிற சாமானுக்கு மட்டும் என்று ஒதுக்குவோம். குழாய், பீக்கர், லென்ஸ், பல்பு இதற்கெல்லாம் அது தாராளம். இனி வாங்குவதில் பாதரசத் தெர்மாமீட்டர் வேண்டாம், ஆல்கஹால் போட்டது போதும். உடைந்தால் டீச்சர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, நாங்கள் வாங்கித் தருகிறோம் என்று குழு ஒரு தீர்மானம் எழுதி அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அந்த ஒரு தாள் இல்லாமல் எவ்வளவு பணம் கொடுத்தாலும் பீரோ திறக்காது. 2024-இல் மேலாண்மைக் குழுவை மாற்றி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். நம்மில் குழுவில் இருப்பவர்கள் இதை அடுத்த கூட்டத்திலேயே வைக்கலாம். பணத்தை முறைப்படி கொடுக்க வேண்டுமென்றால் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் 2022 முதல் இருக்கிறது.

சார் பெயர் ஊரில் நிற்க வேண்டாமா என்று சில அண்ணன்மார் கேட்பீர்கள். நிற்கட்டும், எனக்கும் ஆசைதான். அறைக் கதவின் மேல் எழுதிவிடுவோம். ஆனால் முதலில் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும். வாசலில் சார் பெயரைத் தாங்கிய வளைவு நிற்க, பின்கட்டில் அவர் லேப் பூட்டிக் கிடக்க, அந்த வளைவின் கீழே நான் எப்படி நடந்து உள்ளே வருவேன்?

படத்திறப்பு முடிந்த பிறகு சார் வீட்டுக்குப் போயிருந்தேன். சாரின் மனைவி உள்ளே போய் மஞ்சள் பையில் போட்டு மூன்று நீள நோட்டுகளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்கள். உடைந்த பொருள் நோட்டுகள். ஓய்வு பெற்ற அன்று சார் வீட்டுக்கு எடுத்துவந்தது அவை மட்டும்தானாம். பஸ்ஸில் உட்கார்ந்து படித்துக்கொண்டே வந்தேன். 'சோதனைக் குழாய் 2. ஈரமாக இருந்ததைத் துடைக்காமல் தீயில் காட்டினேன். இனி துடைப்பேன்.' 'லென்ஸ் 1. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓடினேன். இனி ஓட மாட்டேன்.' 'டார்ச் பல்பு 1. சார் இரண்டு செல் போதும் என்றார். ஆறு வைத்தால் என்ன ஆகும் என்று பார்த்தேன். முதலில் ரொம்ப நன்றாக எரிந்தது.' இதற்குப் பக்கத்தில் சார் சிவப்பு மையில் 'எவ்வளவு நேரம்?' என்று கேட்டிருக்கிறார். அதன் கீழே வேறொரு பேனாவில், 'தெரியவில்லை சார். மறுபடியும் வைத்துப் பார்க்கட்டுமா?' என்று இருக்கிறது.

எழுதியவர்களில் பலர் இந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் கையெழுத்து என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

மூன்றாவது நோட்டில் கடைசியாக எழுதியதற்கு அப்புறம் பதினான்கு பக்கம் காலி. அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டு வருகிறேன். அறையை ஒழிக்க என்னோடு என் செட்டில் ஆறு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். துடைப்பமும் வாளியும் நாங்களே கொண்டுவருவோம். சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் தயவுசெய்து சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
1997 பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி,
கண்மாய்க்கரைத் தெரு